மார்கழியில் நாற்பத்தொரு டிகிரி

சித்தூர்
12-8-2024

அன்புள்ள காவ்யாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நேற்று சாயங்காலம் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். இன்று காலையிலிருந்து சுள்ளென்று வெயில். நானும் உன் அக்காவும் சுகம். அவளுக்கு இந்த மாதம் மூச்சிரைப்பு வரவில்லை. குடிபாலாவுக்குப் போய் உங்கள் நைனாவைப் பார்த்துவிட்டு வந்தோம், திடமாக இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் போன் இல்லாமல் அழுதபோது வாரம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. "போன கையில வெச்சிக்கினு எதுக்கு இந்த மனுஷன் பேனாவத் தேடறாரு" என்று உன் அக்கா இப்போதுகூடச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் செய்கிற போர் மோட்டார் கேபிளுக்கு டீலர்கள் இப்போது டிரம்முக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் ரிப்போர்ட் கேட்கிறார்கள். எங்களிடம் இருக்கிற மஞ்சள் மல்டிமீட்டரை வைத்தால் ஒரு முறை 0.2 காட்டுகிறது, அடுத்த முறை 0.4. பலமநேரில் ஒரு டீலர் என் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டார். கேபிளின் தடையைச் சரியாக அளக்க எந்தக் கருவி வாங்க வேண்டும்? நாள் முழுக்க லேபில் அதையே செய்கிற எங்கள் வீட்டு இன்ஜினியரை விட்டுவிட்டு நான் யாரிடம் போய்க் கேட்பது? 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் கேபிள் மூன்று மீட்டர் வெட்டி இதே பஸ் பார்சலில் வைத்திருக்கிறேன்.

உன் நலம் நாடும் மாமா,
தாமோதரன்

கண்ணு, பார்சல்ல எள்ளடை இருக்குது. கேபிளோட சேத்து அதையும் டெஸ்ட் பண்ணிடாத. - அக்கா

*

திருப்பதி
19-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வானிலை அறிக்கையோடு வந்த கடிதமும், கேபிளும், எள்ளடையும் கிடைத்தன. மழையோ வெயிலோ இல்லாமல் ஆரம்பித்த கடிதம் ஒன்றாவது இருக்கிறதா என்று பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்று வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. நான் நலம். மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இன்னும் நலம்.

மஞ்சள் மல்டிமீட்டரைத் திட்டாதீர்கள். அதன் இரண்டு வயர்களுக்கே உங்கள் ஒரு மீட்டர் கேபிளைப் போல நாற்பது மடங்கு தடை உண்டு. கோணிக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கோணியோடு நிறுத்துவிட்டு, உப்பு எவ்வளவு என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

உங்களுக்கு வேண்டியது நாலு வயர் மைக்ரோ ஓம் மீட்டர். இரண்டு வயர் கரண்டை அனுப்பும், மற்ற இரண்டும் கேபிளின் மேலேயே வோல்டேஜைப் பார்க்கும். வயரின் தடை கணக்கில் வரவே வராது. அதோடு, சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் கிளாம்ப் வைத்த பலகை ஒன்று வேண்டும். கேபிளின் ஐம்பத்தாறு இழையையும் அது சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாலு இழை வெளியே நின்றாலும் அளவு கெட்டுவிடும். விற்க வருகிறவர் எங்கள் கருவி நூறு ஆம்பியர் விடும் என்று பெருமை பேசுவார், மயங்காதீர்கள். அவ்வளவு விட்டால் கேபிளே சூடாகித் தடை ஏறிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெப்பநிலை. செம்பு சூடானால் தடை கூடும். அதனால் எந்தச் சூட்டில் அளந்தாலும், இருபது டிகிரியில் அளந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றித்தான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். அந்த இருபது டிகிரியில் 4 ஸ்கொயர் கேபிள் மீட்டருக்கு 4.95 மில்லி ஓமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செம்பு குறைவு என்று அர்த்தம், வோல்டேஜ் போதாமல் மோட்டார் எரியும். இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிற வெப்பநிலை சென்சார் உள்ள மாடலையே வாங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய துண்டை அளந்தேன். 4.71. லேபில் எல்லோரிடமும் இது எங்கள் மாமா கம்பெனி என்று காட்டினேன்.

என் பக்கமும் ஒரு செய்தி உண்டு. அடுத்த ஜூனில் ஆய்வுக்குழு வருகிறது. அவர்கள் திருப்திப்பட்டால் லேப் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு வரும். பத்து வருஷமாக நான் அளந்ததற்கெல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். நான் எதற்கு ஆசைப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
காவ்யா

*

சித்தூர்
2-9-2024

அன்புள்ள காவ்யாவுக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். இங்கே மூன்று நாளாக மூட்டம், மழை இல்லை, புழுக்கம் தாங்கவில்லை. எல்லோரும் சுகம். உனக்கு ஜூனில் கையெழுத்து வந்தால் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய் வருவதாக உன் அக்கா வேண்டிக்கொண்டாள். என் காலையும் சேர்த்து.

உன் கடிதத்தைப் பார்ட்னர் நாகபூஷணத்துக்குப் படித்துக் காட்டினேன். நாலு வயர், கிளாம்ப் பலகை, எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார். சென்சார் மட்டும் வேண்டாம் என்கிறார். எங்கள் ஷெட்டில் எலி அதிகம், சென்சார் வயரை ஒரு வாரத்தில் கடித்துப் போட்டுவிடும். தெர்மாமீட்டரைப் பார்த்து வெப்பநிலையைக் கையால் அடிக்கிற மாடலே போதும் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தெர்மாமீட்டரைத் தப்பாகப் படித்துவிட்டால் ரிசல்ட்டில் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஐந்து டிகிரி, பத்து, இருபது என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்பு. சுவரில் ஒட்டி வைத்தால் எல்லோரும் பயந்து வேலை செய்வார்கள்.

மாமா

கண்ணு, தெர்மாமீட்டர் பாக்கற வேலை எனக்காம். பத்தாங்கிளாஸ் படிச்சது வீணாப் போகல. - அக்கா

*

திருப்பதி
8-9-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். கடை வீதியெல்லாம் பிள்ளையார் சதுர்த்திக் கூட்டம், வேலைக்குப் போய் வருவதே பெரும்பாடு.

மீட்டரின் நாலு வயரைக் கடிக்காத எலி சென்சார் வயரை மட்டும் தேடி வந்து கடிக்குமா? நாகபூஷணம் அவர்களின் எலி பாலிடெக்னிக்கில் என்னோடு படித்திருக்கும் போலிருக்கிறது. சரி, அக்கா பார்ப்பதாக இருந்தால் எனக்குச் சம்மதம். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் சண்டைக்குப் போகிறவள் அவள்.

நீங்கள் கேட்ட அட்டவணை இதோ. உள்ளதைவிட ஐந்து டிகிரி கூட்டி எழுதினால் ரிசல்ட் இரண்டு சதவீதம் குறைந்துவிடும். பத்துக்கு நாலு சதவீதம். இருபதுக்குக் கிட்டத்தட்ட எட்டு. இருபது டிகிரி அறையில் 5.30 காட்டும் ஃபெயிலான கேபிள்கூட, நாற்பது டிகிரி என்று அடித்துவிட்டால் 4.91 ஆகி பாஸாகிவிடும். அதனால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன். தீபாவளிக்கு வரும்போது எல்லாவற்றையும் நானே பொருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
காவ்யா

*

சித்தூர்
11-11-2024

அன்புள்ள காவ்யாவுக்கு,

நீ ஊருக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து இங்கே விட்டு விட்டுத் தூறல். ஷெட் வாசலெல்லாம் சேறு. மற்றபடி சௌக்கியம்.

தீபாவளி லீவை எல்லாம் எங்கள் ஷெட்டிலேயே கழித்தாய். புதுப் புடவையில் கிரீஸ் ஆனதற்கு உன் அக்கா இன்னும் என்னைத் திட்டுகிறாள். மீட்டர் அருமையாக வேலை செய்கிறது. பலமநேர் டீலரை வரவழைத்து அளந்து காட்டினேன், வாயை மூடிக்கொண்டு போனார்.

ஒரு சின்ன உதவி. ரிப்போர்ட்டின் அடியில் "கருவியும் அளவீட்டு முறையும் சரிபார்த்தவர்: சி. காவ்யா, திருப்பதி" என்று ஒரு வரி போட்டுக்கொள்ளலாமா? லேபில் வேலை செய்கிற பெண்ணின் பெயர் இருந்தால் மதிப்பே வேறு. ஒரு வெள்ளைத் தாளில் உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினால் அதை அப்படியே அச்சில் சேர்த்துக்கொள்வேன்.

மாமா

*

திருப்பதி
18-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இரண்டு நாள் சளி, இப்போது தேவலை.

லேபில் கேட்டேன். லேபின் பெயர் வராதவரை அது உன் சொந்த விஷயம் என்றார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். கருவியைப் பொருத்தியதும் நான், அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான், அதனால் சம்மதிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நான் காட்டிய முறை ஒரு இம்மி மாறினாலும் என் பெயரை எடுத்துவிட வேண்டும். எனக்கு இருப்பது இந்த ஒரு பெயர்தான் மாமா.

கையெழுத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

காவ்யா

*

சித்தூர்
9-1-2025

அன்புள்ள காவ்யாவுக்கு,

மாமாவின் பொங்கல் வாழ்த்து. என்ன குளிர் என்கிறாய்! காலை எட்டரை மணிக்கும் ஷெட்டுக்கு எதிரே இருக்கிற புளியமரம் தெரியவில்லை, அவ்வளவு பனி. உன் அக்கா ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் என் மப்ளரையும் சுற்றிக்கொண்டு, மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாளாக மூச்சு இழுக்கிறது. டாக்டர் வெந்நீரும் மாத்திரையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நைனாவின் போர் மோட்டாருக்குப் புதுக் கேபிள் இந்த வாரமே குடிபாலாவுக்குப் போகிறது. பக்கத்து நிலத்துப் பாப்பாத்தி அக்காவும் நம்மிடமே வாங்குகிறாள். ஒரே வண்டியில் ஏற்றிவிடுவேன். பொங்கலுக்கு வருகிறாய்தானே?

மாமா

*

திருப்பதி
3-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். ஆய்வுக்குத் தயாராகிறோம், ஞாயிற்றுக்கிழமைகூட லேபில்தான். உங்கள் கடிதத்தைப் படித்தே எனக்கு இங்கே குளிரெடுத்தது. அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

அக்காவின் இரண்டு வரி ஏன் வருவதில்லை? மீட்டரோடு சேர்ந்து பெரிய மனுஷி ஆகிவிட்டாளா?

காவ்யா

*

திருப்பதி
21-4-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பிப்ரவரியில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் நைனாவைப் பார்க்கக் குடிபாலாவுக்குப் போனேன். பாப்பாத்தி அக்காவின் மோட்டார் இந்தக் கோடையில் இரண்டாவது முறையாக எரிந்துவிட்டது. தொள்ளாயிரம் அடி போர். மோட்டாரை மேலே இழுத்து, எரிந்த காயிலைப் புதிதாகக் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் வேர்க்கடலை முழுதும் காய்ந்துவிட்டது. கேபிள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வோல்டேஜும் குறைவு. ஆனால் பக்கத்திலேயே, அதே வோல்டேஜில், நைனாவின் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னி விட்டவள் பாப்பாத்தி அக்கா. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "கடையில வேற கேபிளும் இருந்திச்சி. இதுல உம்பேரு போட்டுக்கீது பாரு, அத நம்பிதான் இத வாங்கினேன் கண்ணு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ரிப்போர்ட்டின் தேதி 9-1-2025. மீட்டர் காட்டியது 5.28. வெப்பநிலை 41 டிகிரி. இருபதுக்கு மாற்றிய ரிசல்ட் 4.88, பாஸ்.

மார்கழி மாதத்தில் சித்தூரில் நாற்பத்தொரு டிகிரியா மாமா? இருபத்தொன்று என்று அடிப்பதற்குப் பதில் கை தவறி நாற்பத்தொன்று ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று என்றால் கேபிள் ஃபெயில்.

எனக்கு இரண்டே இரண்டு அனுப்புங்கள். அக்கா வெப்பநிலை எழுதும் நோட்டு. ஜனவரி டிரம்மிலிருந்து ஒரு துண்டு. கை தவறியதுதான் என்று நீங்கள் ஒரு வரி எழுதினாலும் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

காவ்யா

*

சித்தூர்
19-5-2025

அன்புள்ள காவ்யாவுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. மாங்காய் சீசன், கூழ் தொழிற்சாலைகளுக்கு எல்லாம் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது, மூச்சு விட நேரமில்லை.

செம்பு விலை எங்கே போய் நிற்கிறது என்று உனக்குத் தெரியாது. ஷெட்டில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், அதுவும் உனக்குத் தெரியாது. லேபில் ஏசியில் உட்கார்ந்து ஒரு மீட்டர் கேபிளை அளப்பது வேறு, ஒரு கம்பெனியை நடத்துவது வேறு. பாப்பாத்தி அக்காவுக்குப் புது மோட்டாருக்கு ஏதாவது ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன், நீ கவலைப்படாதே.

நீ மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தாய். எதற்கு ஊருக்கு வந்தாய், எதற்கு வரவில்லை என்று நான் ஒரு கேள்வி கேட்டதுண்டா? உன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஆய்வு நல்லபடியாக முடியட்டும். அதில் மனதை வை.

தாமோதரன்

*

திருப்பதி
2-6-2025

மாமாவுக்கு,

பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாக உங்கள் கடிதத்தில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நான் கேட்டதற்கு அதுவே பதில்.

ஜனவரி 9-ஆம் தேதியின் ரிப்போர்ட்டையும், அதே நாளில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடிதத்தில், காலை எட்டரை மணிக்குப் பனியில் புளியமரம் தெரியவில்லை. அக்கா மப்ளரைச் சுற்றிக்கொண்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ரிப்போர்ட்டில், அதே மீட்டருக்கு முன்னால், நாற்பத்தொரு டிகிரி. எனக்கு எழுதும்போது உங்களுக்கு உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம்தான் உங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

மறுபடி குடிபாலாவுக்குப் போனேன். பாப்பாத்தி அக்காவின் கேபிளில் ஒரு துண்டும், நைனாவின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த மீதியில் ஒரு துண்டும் வெட்டி வந்தேன். இரண்டின் மேலும் ஒரே அச்சு, இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே தேதி. இரண்டிலும் ஐம்பத்தாறு இழைதான், எண்ணிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாப்பாத்தி அக்காவுடையதில் ஒவ்வொரு இழையும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. லேபில் அளந்தேன். நைனாவுடையது 4.71. பாப்பாத்தி அக்காவுடையது 5.29. உங்கள் மீட்டர் அன்று காட்டிய 5.28-ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால், அந்தக் காலையில் ஷெட்டில் பத்தொன்பதரை டிகிரி இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் மோசமான கருவி வாங்கி ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நல்ல கருவியைக் கேட்டீர்கள். எத்தனை டிகிரி பொய் சொன்னால் எவ்வளவு செம்பைக் குறைக்கலாம் என்று என்னிடமே கேட்டீர்கள். நான் வேலை மெனக்கெட்டு அட்டவணை போட்டு அனுப்பினேன். எலியைப் பற்றிக் கிண்டல் வேறு செய்தேன். அந்த எலி யார் என்று இப்போது தெரிகிறது.

நைனாவுக்கு மட்டும் நல்ல கேபிளைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். அதை அளந்தபோது நான் லேபில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல உங்களுக்கு இருந்த ஒரே வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். ஆனாலும் உங்களுக்குள் என் பழைய மாமா ஒரு ஓரத்தில் இருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

லேப் தலைமை அதிகாரியிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். ஆய்வுப் பட்டியலில் இருந்து என் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியாமல் நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. என் கைப்பட எழுதிய அட்டவணை உங்களிடம் இருக்கிறது, என் கையெழுத்து உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. யார் பார்த்தாலும் நானும் உடந்தை என்றுதான் சொல்வார்கள்.

பாப்பாத்தி அக்காவிடமும் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சுந்தரிக்கு இது தெரியுமா?" அக்காவுக்குத் தெரியாது என்று சொன்னேன்.

இன்றைக்கே என் பெயரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம். அக்காவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி. காவ்யா

*

சித்தூர்
16-6-2025

கண்ணு காவ்யாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஓரத்தில் இரண்டு வரி எழுதியே பழகிவிட்டேன், முழுக் கடிதம் எனக்கு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு உடம்பு பரவாயில்லை.

உன் கடிதத்தை அவர் பிரிக்கவில்லை. உறை மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நான் எடுத்துப் படித்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உரக்கப் படித்துக் காட்டினேன். எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு வந்தபோது தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்து, "கண்ணுக்குத் தெரியறத அப்டியே எழுதுக்கா, யோசிக்காத" என்று சொன்னாய். அப்படியேதான் எழுதினேன். டிசம்பர் கடைசியில் அவர் இன்னொரு நோட்டு வாங்கி வந்து, "இதுல நான் சொல்ற நம்பர எழுது" என்றார். எதற்கு என்று கேட்டேன். கேட்டது ஒரு முறைதான். அப்புறம் எழுதினேன். ரிப்போர்ட்டில் இருக்கிற நாற்பத்தொன்று என் கையால் எழுதியது கண்ணு. மப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுதினேன். அதற்குப் பிறகு உனக்கு ஓரத்தில் இரண்டு வரி எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஆனால் நீ கொடுத்த நோட்டையும் நான் விடவில்லை. காலையில் ஷெட்டுக்குப் போனதும் முதலில் பார்த்ததை அதில் எழுதிவிடுவேன், அப்புறம்தான் அவர் சொன்னதை அவருடைய நோட்டில். யாருக்காக எழுதினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நோட்டை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஜனவரி 9 பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். பத்தொன்பதரை. நீ போட்ட கணக்கு சரி.

இதைக் கொண்டுபோய் உன் அதிகாரியிடம் கொடு. அவர் வாங்கி வந்த நோட்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன், இரண்டையும் காட்டு. இது யார் எழுத்து என்று கேட்டால் என் பெயரைச் சொல். அதற்குத் தயங்காதே.

ஒன்றை மட்டும் நீ தப்பாக எழுதியிருக்கிறாய். நைனாவுக்கு நல்ல கேபிளைப் பொறுக்கியது உன் மாமா இல்லை. வண்டியில் ஏற்றும்போது நான்தான் பழைய டிரம்மைக் காட்டி, நைனா போருக்கு இதைப் போடு என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதையே ஏற்றச் சொன்னார். பாப்பாத்தி அக்காவின் கேபிள் அதே வண்டியில், நைனாவுடையதற்குப் பக்கத்தில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. உனக்குப் பின்னிய அந்தக் கைதான் எனக்கும் பின்னியது. அதை இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி ரோடு திரும்புகிற வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அடுத்த முறை போகும்போது மாற்றிச் சொல்லிவிடு. இல்லை, நானே போகிறேன். நீ அனுப்பிய சால்வையை நான் இன்னும் பிரிக்கவில்லை, அதையும் நோட்டோடு வைத்திருக்கிறேன்.

இனி எனக்கு எழுதுவாயோ மாட்டாயோ தெரியாது. இங்கே காலை ஏழு மணி. மழை இல்லை. முப்பது டிகிரி, பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சுந்தரி